காவலனை உறங்க வைப்பது யார்?

கீழக்கரையிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய நீண்ட மடல் சென்ற மாதம் வந்து சேர்ந்தது. அவருடைய கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகனுக்கு விளையாட்டுக்கென்றே பொருத்தப்பட்ட கணிப்பொறி ஒன்றை வாங்கித் தந்துவிட்டுச் சென்றிருக்கிறார். பிள்ளையின் ஆசையும் நிறைவேறும், படிப்புக்கும் உதவும் என்பது வாப்பாவின் எண்ணம். இப்போது அந்த ஒரே பெட்டியில் மகனின் விளையாட்டுகள், வீட்டு வங்கிக் கணக்கு, கணவரின் பாஸ்போர்ட், இக்காமா நகல்கள், மூத்த மகளின் நிக்காஹ் படங்கள் என எல்லாமே குடியேறிவிட்டன.

சகோதரியின் வினா இதுதான்: கணிப்பொறி விற்ற கடைக்காரர், ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஆன்டிவைரஸ் வாங்குங்கள் என்கிறார். சென்னையிலுள்ள கொழுந்தனார், இணையத்தில் இலவசமாகவே மூன்று கிடைக்கின்றன, மூன்றையும் போட்டுவிடலாம் என்கிறார். மகனோ, "அதெல்லாம் போட்டா கேம் இழுக்கும் உம்மா, ஒண்ணும் வேணாம்" என்கிறான். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது?

மடலின் இறுதியில், கையொப்பத்துக்குச் சற்று மேலே, பின்குறிப்புப் போல ஒரு வரியும் இருந்தது. "போன வாரம் ஏதோ ஒரு கேமை ஏற்றுவதற்காக, உள்ளே இருந்த பாதுகாப்பைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தானாம். பிறகு மறுபடியும் போட்டுவிட்டதாகச் சொன்னான். அதனால் பாதகம் ஒன்றும் இல்லையே?"

மடலின் மற்றப் பகுதிகளை ஒரு முறை படித்தேன். இந்த வரியை மூன்று முறை படித்தேன்.

கேட்ட வினாவுக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன். விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறியில் காவலன் ஒருவன் ஏற்கனவே இருக்கிறான். அவன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். 2009இல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்னும் பெயரில் தனியே இலவசமாக வழங்கப்பட்ட மென்பொருளின் வழித்தோன்றல் இது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் இது விண்டோஸின் உள்ளேயே இணைக்கப்பட்டு வருகிறது. இதற்கெனத் தனிக் கட்டணம் ஏதுமில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதுமில்லை. தொடக்க ஆண்டுகளில் இது சோதனைகளில் பின்தங்கியே நின்றது என்பது உண்மை. கடைக்காரர்கள் பலர் இன்றும் அந்தப் பழைய மதிப்பெண்களை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஜெர்மனியின் மக்டெபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரிலுள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் போன்ற ஆய்வகங்கள் இத்தகைய மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. கட்டணம் வாங்கும் மென்பொருள்களோடு டிஃபெண்டரும் ஒரே வரிசையில் நிற்பதை அவற்றில் காணலாம். ஆகவே, ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கு இது போதும் என்பதே என் கருத்து.

மூன்றையும் போடலாம் என்ற யோசனையை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். வெளியிலிருந்து வேறோர் ஆன்டிவைரஸை நிறுவினால், டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கி நின்றுவிடும். ஆனால் வெளியிலிருந்து வந்த இருவர் ஒரே வாசலில் நின்றால், ஒவ்வொரு கோப்பையும் இருவரும் மாறி மாறிச் சோதிப்பார்கள். ஒருவரையொருவர் சந்தேகிப்பதும் உண்டு. பிள்ளை சொல்லும் "இழுக்கும்" என்ற குறை அப்போது மெய்யாகிவிடும்.

பிள்ளையின் குறையையும் நாம் அலட்சியம் செய்யக் கூடாது. காவல் மென்பொருள் ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போதும் எழுதப்படும்போதும் அதைப் பார்வையிடுகிறது. ஆகவே ஒரு விளையாட்டை நிறுவும்போதும், அது முதலில் திறக்கும்போதும் சற்றுத் தாமதம் தெரியலாம். விளையாட்டு ஓடத் தொடங்கிய பிறகு வேலையின் பெரும்பகுதி காட்சிச் செயலியிலும் நினைவகத்திலும் நடைபெறுகிறது. அங்கே காவலனுக்கு அதிக வேலையில்லை. முழுச் சோதனை எனப்படும் ஃபுல் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது விளையாடினால் இழுக்கத்தான் செய்யும். அதை ஃபஜ்ருக்குப் பின் பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் ஓட விட்டால் தீர்ந்தது. அப்போதும் விளையாட்டு இழுத்தால் பெட்டியின் பக்கமூடியைத் திறந்து பாருங்கள். கடற்கரை ஊர்களில் விசிறிகளில் படியும் உப்புத் தூசைக் கண்டவர்கள் ஆன்டிவைரஸைக் குறைகூற மாட்டார்கள்.

கணிப்பொறியில் இருப்பது விண்டோஸ் 10 ஆனால் வேறொரு கவனம் தேவை. அதற்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. சுவரில் ஓட்டை விழுந்த பின் வாசலில் காவலன் நின்று என்ன பயன்? இயலுமானால் விண்டோஸ் 11க்கு மாறிவிடுவதே நன்று.

இனி, இலவசம் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். இலவச ஆன்டிவைரஸ் தரும் நிறுவனத்துக்கும் ஊழியர்கள் உண்டு, சம்பளம் உண்டு. அந்தப் பணம் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். பெரும்பாலும் அது, கட்டணப் பதிப்பை வாங்குங்கள் என்று திரையின் மூலையில் நாளுக்கொரு முறை எழும் விளம்பரத்திலிருந்து வருகிறது. அது தொல்லையே தவிரத் தீங்கு அன்று. ஆனால் எல்லாரும் அந்த அளவோடு நின்றுவிடவில்லை.

செக் நாட்டில் தோன்றிய அவாஸ்ட் என்னும் நிறுவனத்தின் இலவச ஆன்டிவைரஸை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினர். 2016இல் அது ஏவிஜியையும் வாங்கியது. மக்கள் இணையத்தில் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்னும் தன் துணை நிறுவனத்தின் வழியாக அது விற்று வந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் இதை வெளிப்படுத்திய பின்னர் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படியும், இத்தகைய விவரங்களை இனி விளம்பரத்துக்காக விற்கக் கூடாதென்றும் அந்த நிறுவனத்துக்கு நிபந்தனை விதித்தது. அந்த விவரங்களிலிருந்து ஒருவருடைய நோய், அரசியல், பண நிலை மட்டுமன்றி, அவருடைய சமய நம்பிக்கையையும் அறிந்துகொள்ள முடியும் என்று ஆணையத்தின் புகாரிலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. தப்ஸீர் விளக்கமும் தொழுகை நேரமும் தேடும் வீடு எது என்பதை வாசற்காவலனே குறிப்பெடுத்து விற்றால் என்ன சொல்வது? 2020 நவம்பரில், தொழுகை நேரம் காட்டும் முஸ்லிம் புரோ செயலியின் பயனாளர்கள் இருந்த இடங்களைப் பற்றிய விவரம் இடைத்தரகர் வழியே அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களை அடைந்ததாக வந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தரகரோடு இருந்த உறவைத் துண்டித்துவிட்டதாகச் செயலியின் நிறுவனத்தார் உடனே அறிவித்தனர்.

இதனால் இலவசமாகத் தருபவர் அனைவரும் தீயவர் என்று ஆகிவிடாது. அவாஸ்டும் இன்று கண்காணிப்பின் கீழேதான் இயங்குகிறது. ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் தரும் இலவசப் பதிப்பு நன்றாகவே பணி செய்கிறது. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கியும் தொழில்நுட்பத்தில் சளைத்ததன்று. எனினும் ரஷ்ய அரசின் செல்வாக்குக்கு அது உட்படக்கூடும் என்று கூறி 2024இல் அமெரிக்கா அதன் விற்பனையைத் தடை செய்தது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுக்கிறது. வல்லரசுகளின் வழக்கு அது. தீர்ப்புக் கூற நான் யார்? உள்ளேயே ஒரு காவலன் இருக்கையில் அந்த வழக்கை நம் வீட்டுக்குள் அழைத்துவரத் தேவையில்லை என்பது மட்டுமே என் எண்ணம்.

ஒரே ஒரு துணையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு எந்நேரமும் காவல் நிற்பதில்லை. அழைக்கும்போது மட்டும் வந்து சோதித்துவிட்டுப் போகும். ஆகையால் டிஃபெண்டரோடு மோதாது. நிறுவும்போது கட்டணப் பதிப்பைச் சில நாட்கள் சோதனைக்குத் தரும். அது முடிந்த பின் பணம் கேட்டால் அஞ்ச வேண்டாம், இலவசப் பதிப்பாகவே அது தொடரும். பணம் கொடுத்துத்தான் வாங்குவேன் என்று கருதுவோர் நம் சென்னையில் 1991இல் தொடங்கப்பட்ட கே7 நிறுவனத்தையும் எண்ணிப் பார்க்கலாம். இந்த வினாவுக்கு இவ்வளவு போதும்.

இனி அந்தப் பின்குறிப்புக்கு வருகிறேன்.

பணம் கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டைப் பூட்டுடைத்து இலவசமாகத் தருவதைப் பிள்ளைகள் கிராக் என்கிறார்கள். அதைத் தரும் தளங்களில் நிறுவும் முறை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதன் முதல் வரியே, உங்கள் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்பதாக இருக்கும். காரணமும் எழுதியிருப்பார்கள்: ஆன்டிவைரஸ் இதைத் தவறாக வைரஸ் என்று எண்ணிக்கொள்ளும், பயப்படாதீர்கள். இதில் ஓர் இம்மி உண்மையும் கலந்திருப்பதுதான் ஆபத்து. வேறொரு மென்பொருளின் உள்ளே கைவிட்டு அதை மாற்றும் எதுவும் காவலனுக்குச் சந்தேகத்துக்குரியதே. ஆகவே தீங்கற்ற ஒன்றையும் அவன் சில வேளை பிடித்துவிடுவான். ஆனால் தீங்குள்ளதற்கும் தீங்கற்றதற்கும் எழுதப்படும் விளக்கம் ஒன்றே. பதினாறு வயதுப் பிள்ளை அவற்றை எப்படிப் பிரித்தறிவான்? அன்றியும், அந்தக் கோப்பைப் பெரும்பாலும் கடவுச்சொல் இட்டுக் கட்டியே தருவார்கள். திறக்கும் வரை எந்த ஆன்டிவைரஸாலும் அதனுள் எட்டிப் பார்க்க முடியாது. கடவுச்சொல்லையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். பூட்டும் சாவியும் ஒன்றாகக் கிடைத்தால் அந்தப் பூட்டு யாருக்கு எதிராகப் போடப்பட்டது என்று யோசிக்க வேண்டாமா?

காவலன் உறங்கும் அந்தச் சில நிமிடங்களில் உள்ளே வருவது பெரும்பாலும் இக்காலத்தில் பழைய பாணி வைரஸ் அன்று. அது கோப்புகளை அழிக்காது, திரையைக் கறுப்பாக்காது. விளையாட்டும் சொன்னபடியே திறக்கும், பிள்ளை மகிழ்வான். பின்புறத்தில் அது, உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திரட்டும். மேசைத் திரையிலும் ஆவணக் கோப்புறையிலும் உள்ளவற்றை அள்ளும். இவற்றினும் மேலாகக் குக்கி எனப்படும் நுழைவுச் சீட்டுகளைக் கவரும். நாம் ஒரு முறை கடவுச்சொல் கொடுத்து ஜிமெயிலிலோ முகநூலிலோ நுழைந்த பின், ஒவ்வொரு முறையும் அது கேட்பதில்லை அல்லவா? நாம் நாமே என்பதற்கு அடையாளமான ஒரு சீட்டு உலாவியில் இருப்பதால்தான் கேட்பதில்லை. அந்தச் சீட்டைக் கைப்பற்றியவனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் வேண்டாம். இவை அனைத்தையும் சுருட்டி அனுப்பிவிட்டுத் தன்னைத் தானே அழித்துக்கொள்வதும் உண்டு. சில நிமிட வேலை.

ஆதலால் சகோதரியே, மறுபடியும் போட்டுவிட்டான் என்பது ஆறுதலன்று. திருடன் வந்து போன பின் வாசலில் வந்து நிற்கும் காவலனுக்கு வீடு அமைதியாகத்தான் தோன்றும்.

என் தமக்கையின் வீட்டிலேயே இது நடந்தது. மருமகன் கல்லூரியில் முதலாண்டு. கால்பந்து விளையாட்டு ஒன்றின் கிராக்கை நிறுவினான். மறுநாள் விடியுமுன் அவனுடைய கணக்கிலிருந்து நண்பர்கள் பலருக்கும் பணம் கேட்டுச் செய்தி போய்விட்டது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த அவனுடைய விளையாட்டுக் கணக்கு வேறொருவர் பெயருக்கு மாறிவிட்டது. வங்கிப் பணம் அல்ஹம்துலில்லாஹ் தப்பியது. ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் வரும் ஓடிபி தமக்கையின் கைப்பேசிக்கு மட்டுமே வரும்படி இருந்தது. எல்லாம் ஒருவாறு அடங்கிய பின் தமக்கை கேட்டார்: "நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகள் படமெல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு. அதையும் எடுத்திருப்பானா?" மருமகன் தலைகுனிந்து நின்றான். அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது. எடுத்ததற்கு எந்தத் திருடனும் ரசீது தருவதில்லை. அடுத்த பெருநாளில் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது தமக்கை வரவில்லை.

கிராக் என்பது ஹலாலா என்ற வினாவும் இங்கே எழுகிறது. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் 5ஆவது அமர்வில், நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் மீதான உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்துள்ளது. மேலதிக விளக்கத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிக. பிள்ளையிடம் பேசும்போது இதோடு ஒரு வரலாற்றையும் சொல்லலாம். ஐபிஎம் வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் 1986இல் லாகூரில் எழுதப்பட்டது. பெயர் பிரெயின். எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்னும் இரு சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் கள்ளப் பிரதி எடுப்பவர்களைக் கண்டறியவே இதைச் செய்ததாகக் கூறினார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்த வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்! அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் அழைப்புகள் வந்து குவிந்தபோது அவர்களே திகைத்துப் போனார்கள். கள்ளப் பிரதியின் முதுகில் ஏறித்தான் வைரஸ் ஊர் சுற்றத் தொடங்கியது. இன்று எழுதுபவர்கள் முகவரி தருவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

விளையாடக் கூடாதென்று நான் கூறவில்லை. எபிக் கேம்ஸ் ஸ்டோர் என்னும் கடை 2018 டிசம்பர் முதல் குறிப்பிட்ட விளையாட்டுகளை முறையாக இலவசமாகவே வழங்கி வருகிறது. வாரந்தோறும் பட்டியல் மாறும். ஸ்டீம் கடையில் பருவந்தோறும் பெரும் தள்ளுபடி உண்டு. ஆண்டில் இரண்டு பெருநாள் வருகிறது. பெருநாள் காசில் ஒன்றை வாங்கித் தந்தால் பிள்ளை கிராக்கைத் தேடிப் போவானா?

ஆனால் எல்லாப் பழியையும் கிராக்கின் தலையில் போட்டுவிட்டு நாம் உறங்கிவிடவும் முடியாது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான கூடுதல் இணைப்புகளில் ஃப்ராக்சரைசர் என்னும் திருட்டு நிரல் நுழைந்தது. அவை இருந்தது கள்ளத் தளத்தில் அன்று. பிள்ளைகள் நம்பிப் போகும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்னும் விளையாட்டு ஸ்டீம் கடையிலேயே திருட்டு நிரலோடு வந்தது. கடைக்காரரான வால்வ் நிறுவனம் அதை நீக்கியதோடு, பதிவிறக்கியவர்களுக்கு எழுதிய எச்சரிக்கையில், தேவையானால் கணிப்பொறி முழுவதையும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவவும் யோசனை கூறியது. அதே ஆண்டு பிளாக்பிளாஸ்டர்ஸ் என்னும் விளையாட்டு வெளியானபோது தூய்மையாகவே இருந்தது. ஆகஸ்டு இறுதியில் வந்த புதுப்பிப்பில்தான் நஞ்சு கலக்கப்பட்டது. தம் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்த ஒருவர் அதனால் 32,000 டாலர் அளவுக்கு இழந்தார். இவர்களில் எவரும் திருட்டு விளையாட்டு ஆடியவர்கள் அல்லர். நாளை உங்கள் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால், எடுத்த எடுப்பில் அவனைத் திட்டிவிடாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே இலாபம்.

எனவே ஆன்டிவைரஸின் பெயரைவிட, அதை அணைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். விண்டோஸில் ஒரே கணிப்பொறியில் தனித்தனிக் கணக்குகள் வைத்துக்கொள்ளலாம். அவை இரு வகை. அட்மினிஸ்ட்ரேட்டர் என்பது வீட்டுத் தலைமை. ஸ்டாண்டர்டு என்பது குடியிருப்பவர். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குச் சென்று, தலைமைக் கணக்கை உங்கள் பெயரில், மகனுக்குத் தெரியாத கடவுச்சொல்லோடு அமையுங்கள். மகனுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு போதும். அதிலிருந்து அவன் விளையாடலாம், படிக்கலாம். டிஃபெண்டரை அணைக்கவோ, ஒரு கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கவோ முயன்றால், உங்கள் கடவுச்சொல்லைத் திரை கேட்கும். பெரிய அலுவலகங்களில் பணிபுரிவோருக்கும் இதே ஏற்பாடுதான் என்று சொன்னால் பிள்ளைக்கு மனக்குறை வராது. புதிய விளையாட்டு நிறுவும்போதும் சில வேளை உம்மாவை அழைக்க வேண்டியிருக்கும். அடுக்களையிலிருந்து எழுந்து வரச் சற்றுச் சிரமம்தான். எனினும், "இது என்னதுமா, எங்கேயிருந்து எடுத்தே?" என்று கேட்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறதே!

இதில் இன்னொரு பயனும் உண்டு. மகனின் கணக்கில் ஏதேனும் நுழைந்துவிட்டாலும், தலைமை அதிகாரம் கிடைக்காத வரை உங்கள் கணக்கின் கோப்புறைகளை அது திறக்க இயலாது. ஆகவே நிக்காஹ் படங்களும் பாஸ்போர்ட் நகல்களும் உங்கள் கணக்குக்கு இடம்பெயரட்டும். அவற்றின் பிரதி ஒன்றை வெளி வட்டில் எடுத்துக் கழற்றி பீரோவில் வையுங்கள். வங்கி வேலையை அந்தக் கணிப்பொறியில் செய்யவே வேண்டாம். உங்கள் கைப்பேசியில் செய்யுங்கள்.

வாலரண்ட் போன்ற சில விளையாட்டுகள், ஏமாற்றி ஆடுவோரைப் பிடிக்கத் தம் சொந்தக் காவலனைக் கணிப்பொறியின் அடிவேர் வரை இறக்குகின்றன. அது வைரஸ் அன்று. எனினும் அத்தனை ஆழத்தில் ஒருவரை அனுமதிப்பதா என்று வாப்பாவும் மகனும் ஒரு முறை பேசி முடிவெடுப்பது நல்லது.

நடந்தது நடந்துவிட்டது. இப்போது செய்ய வேண்டியதைக் கூறுகிறேன். கடவுச்சொற்களை அந்தக் கணிப்பொறியிலிருந்து மாற்றாதீர்கள். திருட்டு நிரல் இன்னும் உள்ளே இருந்தால் புதியவையும் அவனிடமே போய்ச் சேரும். கைப்பேசியிலிருந்து முதலில் மின்னஞ்சல், பின் வங்கி, பின் மற்றவை என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதி இருக்கும்; அதை அழுத்தினால் களவு போன நுழைவுச் சீட்டுகள் பெரும்பாலும் செல்லாதவை ஆகிவிடும். ஈரடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியிலுள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓட விடுங்கள். கணிப்பொறி அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுமையாகத் திறக்கும் முன்பே அது சோதிக்கும். அதில் ஏதேனும் அகப்பட்டால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு விண்டோஸைப் புதிதாகவே நிறுவிவிடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போனாலும் தாமதிக்காமல் 1930 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தவர் கையைக் கடக்குமுன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. இவற்றைச் சோதிக்க வேண்டாம் என்று காவலனுக்குக் கொடுக்கப்பட்ட விலக்குகள் அங்கே இருக்கும். பக்கத்திலேயே, பிடிபட்டும் விடுவிக்கப்பட்டவற்றின் பட்டியலும் உண்டு. இரண்டும் வெறுமையாக இருப்பதே நல்லது. விளையாட்டு விரைந்து ஓடும் என்று சிலர் விளையாட்டுக் கோப்புறை முழுவதையும் விலக்கில் போடச் சொல்வார்கள். மைன்கிராஃப்டில் நஞ்சு வந்து இறங்கியது அத்தகைய கோப்புறையில்தான் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் மகனுக்கும் தெரியாத ஏதேனும் பெயர் இருந்தால், கணிப்பொறி விற்றவரிடம் விண்டோஸுக்கான உரிமத்தை ரசீதோடு கேளுங்கள். உரிமமில்லாத விண்டோஸைப் போட்டு, அதை ஏமாற்றும் கருவிக்கு விலக்கும் கொடுத்துப் பெட்டியை ஒப்படைக்கும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அப்படியானால் காவலனை முதலில் உறங்க வைத்தது உங்கள் பிள்ளை அல்லன்.

இஷாவுக்குப் பின் மகனை அருகில் அமர்த்திக்கொண்டு, அவன் கையாலேயே அந்தப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அடுத்த மடலில் தெரிவியுங்கள். இன்ஷா அல்லாஹ், அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.